பழைய மர டிரிஃப்ட் படகு: பூசுவதா, போர்த்துவதா, அடியை மாற்றுவதா?

நண்பர் ஒருவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெக்கென்சி ஆற்றுப் பக்கம் ஒரு பழைய டிரிஃப்ட் படகு வாங்கினார். ஆற்றோடு இறங்கியபடி மீன் பிடிக்கும் துடுப்புப் படகு அது. பதினாறு அடி நீளம், பிளைவுட் உடம்பு. பல வருடங்களாக ஒரு கொட்டகை ஓரத்தில் பாதி வெயிலிலும் பாதி மழையிலும் கிடந்த படகு. மேல்விளிம்புச் சட்டங்கள் இன்னும் அழகாகவே இருந்தன. வார்னிஷ் உரிந்திருந்தாலும் மரத்தின் ரேகை தெரிந்தது. துடுப்பு உரசும் இடத்தில் மரம் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் மயங்கியிருக்க வேண்டும். "இதுக்கு மேல ஒரு ஃபைபர் ஒட்டி பெயின்ட் அடிச்சிட்டா போதும்லங்க?" என்று கேட்டார். நான் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, படகின் உள்ளே அடியும் பக்கமும் சேரும் மூலையில் மெதுவாக அழுத்தினேன். அவித்த கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. பிடி மட்டும்தான் வெளியே நின்றது.

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இப்படி ஒரு படகு கைக்கு வந்தால் எதிரில் நான்கு வழிகள் இருக்கின்றன. சுத்தம் செய்து, எண்ணெயோ பெயின்டோ பூசி ஓட்டுவது ஒன்று. படகு முழுவதையும் ஃபைபர்கிளாஸ் துணியும் பிசினும் கொண்டு போர்த்துவது இரண்டாவது. இற்றுப்போன அடிப்பலகையையும் அதைத் தாங்கும் சட்டங்களையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவது மூன்றாவது. அளவெடுத்துக்கொண்டு அதே வடிவில் புதுப் படகே கட்டிவிடுவது நான்காவது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான படகுகளுக்கு மூன்றாவதுதான் சரி. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இரண்டாவது. நல்ல படகுகளை அதிகம் கெடுப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று புரிய, இந்தப் படகு எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். மெக்கென்சி, ரோக் போன்ற ஓரிகன் ஆறுகள் ஆழமில்லாதவை, வேகமானவை, பாறை நிறைந்தவை. அங்கே மீன் பிடிக்கப் போகிறவருக்கு ஆற்றைவிட மெதுவாகப் போகும் படகு வேண்டும். படகோட்டி ஆறு போகும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்து, நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்பை இழுக்கிறார். வேகம் குறைகிறது, பாறையைப் பார்த்து ஒதுங்க நேரம் கிடைக்கிறது. அதற்காகத்தான் தட்டையான அடி, இரு முனையும் மேலே தூக்கிய வளைவு, வெளியே விரிந்த பக்கங்கள். ஓரிகனின் யூஜீன் நகரில் படகுப் பட்டறை வைத்திருந்த டாம் கார்ஹஸ், அவருக்குப் பின் வூடி ஹிண்ட்மன் போன்றவர்கள் 1930களின் கடைசியிலும் 1940களிலும் இந்த வடிவத்தைப் பிளைவுட்டில் நிலைநிறுத்தினார்கள். தண்ணீரில் பிரியாத பசையோடு பிளைவுட் வந்த காலம் அது. பக்கங்களுக்குக் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர். அடிக்கு 3/8 முதல் அரை அங்குலம், அதாவது ஒன்பது முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை. அவ்வளவுதான் பலகையின் கனம். நாலு பேர் தூக்கி டிரெய்லரில் வைத்துவிடலாம்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பக்கங்கள் பாறையில் எப்போதாவதுதான் படும். அடிப்பலகை ஒவ்வொரு பயணத்திலும் சரளையில் தேய்கிறது. செருப்பில் மேல்வார் இருக்கும்போதே அடி தேய்ந்துபோவது மாதிரி. அடியை மாற்றுவது என்றதும் ஏதோ படகின் உயிரையே எடுப்பதாகப் பதறத் தேவையில்லை. தேய்வதற்கென்றே போடப்பட்ட பாகம் அது.

சரி, முடிவெடுக்கும் முன் படகைப் படிக்க வேண்டும். இதற்கு ஒரு முழுநாள் கொடுங்கள். வேண்டியது ஒரு குத்தூசி, பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியல், ஒரு டார்ச், கிடைத்தால் மரத்தின் ஈரம் காட்டும் மீட்டர். மேல்விளிம்பையும் இருக்கையையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அவை எப்போதுமே நல்ல முகத்தைத்தான் காட்டும். முதலில் போக வேண்டிய இடம் சைன். பக்கப்பலகையும் அடிப்பலகையும் சந்திக்கும் மூலையில், உள்பக்கமாக முன்னிருந்து பின் வரை ஓடும் நீளச் சட்டத்துக்கு அந்தப் பெயர். அடுத்து வங்குகளின் கால். வங்கு என்றால் படகுக்கு விலா எலும்பு மாதிரி நிற்கும் குறுக்குச் சட்டங்கள். அவை சைனில் வந்து உட்காரும் இடத்தில் ஒரு சின்னப் பொந்து உண்டாகும். இலை, மண், மீன் செதில், மழைத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் தங்கும். மூன்றாவதாகப் பின்பலகையின் அடி ஓரம், அதன்பின் முன்கட்டையின் கீழ்முனை. இங்கெல்லாம் மரத்தின் வெட்டுமுனை திறந்திருக்கும். கட்டுக் கட்டாகச் சேர்த்த உறிஞ்சுகுழல்களின் வாய் போல அது தண்ணீரை இழுக்கும்.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் 'டக் டக்' என்று தெளிவாகப் பேசும். மக்கிய இடத்தில் சத்தம் மங்கிவிடும், ஈரத் துணியைத் தட்டியது மாதிரி. அந்த இடத்தில் குத்தூசியால் நெம்பினால், நல்ல மரம் நீளமான சிம்பாகக் கிளம்பும். மக்கியது கட்டை கட்டையாக உடைந்து வரும். சத்தத்தில் சந்தேகம் இருந்தாலும் இந்தச் சிம்பு பொய் சொல்லாது.

இங்கே மூன்று நோய்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பார்வைக்கு ஒன்று போல இருக்கும், மருந்து வேறு வேறு. பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களை அடுக்கிப் பசையால் ஒட்டியது. முதலாவது, டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் பிளைவுட்டில், மேல்தாளில் நார் திசையில் மெல்லிய விரிசல்கள் வரிவரியாக ஓடும். வெயிலும் ஈரமும் மாறி மாறிப் படுவதால் வருவது. அசிங்கமாகத் தெரியும், ஆனால் பலகையின் பலம் பெரிதாகப் போயிருக்காது. இரண்டாவது, தாள்கள் பிரிவது: கட்டை விரலால் அழுத்தினால் பலகை உப்பி உள்வாங்கும், ஓரத்தில் கத்தி நுழையும். பசை கைவிட்டுவிட்டது என்று பொருள். ஒரு கையளவு இடம் என்றால் வெட்டி ஒட்டுப்போடலாம். பக்கப்பலகை முழுக்கப் பரவியிருந்தால் அந்தப் பலகை முடிந்தது. மூன்றாவது, மக்கல்.

மக்கல் ஒரு பூஞ்சை. அது வளர மரத்தில் ஏறக்குறைய 30 சதவீத ஈரம் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் அது வேலை செய்யாது. 'உலர் மக்கல்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. நாம் பார்க்கும்போது காய்ந்து பொடியாக இருப்பதால் வந்த பெயர். தின்றுகொண்டிருந்த காலத்தில் அந்த மரம் நனைந்துதான் இருந்தது. கடல் உப்பு இந்தப் பூஞ்சைக்கு ஆகாது, மழைத் தண்ணீர் மிகவும் ஒத்துப்போகும். அதனால் ஆற்றில் ஓடிக் கெட்ட டிரிஃப்ட் படகுகள் குறைவு. தாழ்வாரத்தில் மழைநீர் தேங்கி நின்று கெட்டவைதான் ஏராளம். ஆற்றிலிருந்து ஏறியதும் காய்ந்துவிடும் படகு எத்தனை வருடம் ஓடினாலும் நிற்கும். தார்ப்பாயைப் போர்த்தி இறுக்கிக் கட்டி, உள்ளே ஒரு வாளித் தண்ணீரோடு விட்ட படகு நாலைந்து குளிர்காலத்தில் போய்விடும்.

இன்னொன்று: 1978க்கு முன் அடித்த பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது அந்த வருடம்தான். பரிசோதனைக் குச்சி வாங்கிப் பார்க்காமல் உப்புத்தாளை எடுக்க வேண்டாம். குழந்தைகள் புழங்கும் வீட்டுக் கேரேஜ் என்றால் இன்னும் கவனம்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, பூசுவது. குத்தூசி எங்கேயும் இறங்கவில்லை, மேல்தாள் விரிசல் மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். பழைய பூச்சைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, உள்பக்கத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து, மரம் குடிக்கும் வரை பூசலாம். கொஞ்சம் பைன் தாரும் சேர்ப்பவர்கள் உண்டு, அந்த வாசனைக்காகவே எனக்கு அது பிடிக்கும். வெளிப்பக்கத்துக்கு எண்ணெய் அடிப்படையிலான எனாமல் போதும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு வார இறுதி வேலை. எண்ணெய்க்கு ஒரு குறை உண்டு, சில வருடங்களில் கருத்துப்போகும், நிழலில் பூசணமும் பிடிக்கும். ஆனால் அதன் பெரிய குணம், மரத்தின் வாயை அடைக்காது. உள்ளே போன ஈரம் வெளியேறிவிடும். எங்காவது கெடத் தொடங்கினால் அந்த இடம் கறுத்து உடனே கண்ணில் படும்.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடு கிளம்பும், குவியலாக இருந்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ள டப்பாவில் முக்கி மூட வேண்டும்.

முடிவெடுக்கும்போது பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் வரிசை. எண்ணெய் குடித்த மரத்தில், ஃபைபர் துணியை ஒட்டும் எபாக்சி என்ற பிசின் சரியாகப் பிடிக்காது. இன்றைக்கு எண்ணெய் பூசிவிட்டு, அடுத்த வருடம் மனம் மாறி ஃபைபர் ஒட்டலாம் என்று நினைத்தால், அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டுவிடும். உங்கள் கைக்கு வந்த படகு ஏற்கனவே பல தலைமுறை எண்ணெய் குடித்ததாக இருந்தால், அதுவே உங்களுக்காகப் பாதி முடிவை எடுத்துவிட்டது.

இரண்டாவது வழி, போர்த்துவது. இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. விரிசல், ஓட்டை, கறை எல்லாம் ஒரே போர்வைக்குள் போய்விடும், மேலே பளபளவென்று பெயின்ட். ஒரு வாரத்தில் புதுப் படகு மாதிரி நிற்கும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் பிசின் போட்டு அடைத்தாகிவிட்டது. மழையும் ஈரக் காலும் உள்பக்கத்தை நனைக்கத்தான் செய்யும். முன்பு இரண்டு பக்கமும் காய்ந்த பலகை இப்போது ஒரு பக்கம்தான் காய முடியும். தண்ணீர் கீழே இறங்கி, போர்வைக்கும் மரத்துக்கும் நடுவே சைன் ஓரத்தில் நிற்கும். ஏற்கனவே மக்கத் தொடங்கிய சட்டத்துக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. வெளியே பளபளப்பு குறையாமலே உள்ளே எல்லாம் பொடியாகும். ஒரு நாள் பாறையில் மோதும்போதுதான் தெரியும்.

பிசினிலும் இரண்டு வகை இருக்கிறது, இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் பிசின் ஃபைபர் படகுகளுக்குச் சரி. மரத்தோடு அதன் பிடி பலவீனம். சில வருடங்களில் பெரிய பெரிய தகடாக உரிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். மரத்துக்கு எபாக்சிதான். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்கு அருகில் இறங்கியிருக்க வேண்டும், எல்லா முகமும், ஒவ்வொரு ஸ்க்ரூ துளையும் அடைபட வேண்டும். வெயில் எபாக்சியைச் சிதைக்கும், அதனால் மேலே பெயின்ட்டோ புறஊதாவைத் தடுக்கும் வார்னிஷோ கட்டாயம். பல எபாக்சிகள் இறுகும்போது மேலே மெழுகு போல ஒரு படலம் விடும். அதைத் தண்ணீரும் நாரும் போட்டுக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அடுத்த பூச்சு உரியும். கையுறை இல்லாமல் வேலை செய்தால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் அது வாழ்நாள் முழுக்கப் போகாது, பிறகு எபாக்சி டப்பாவைத் திறக்கவே முடியாது.

புதிதாக எபாக்சியோடு சேர்த்துக் கட்டும் படகில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யலாம். ஐம்பது வருடம் ஆறு, மண், எண்ணெய் எல்லாம் கண்ட படகில், வங்குக்கும் பலகைக்கும் நடுவே கைபோகாத இடுக்குகளை வைத்துக்கொண்டு, எல்லா முகத்தையும் அடைக்கவே முடியாது. முக்கால்வாசி அடைப்பது அடைக்காமல் விடுவதைவிட மோசம். மக்கிய இடத்தில் மெல்லிய எபாக்சியை ஊற்றிக் கெட்டியாக்கிவிடலாம் என்றும் சொல்வார்கள். மாவாகிப்போன மரம் கெட்டியாகும், உண்மைதான். ஆனால் அதைச் சுற்றி, பார்வைக்கு நல்லதாகத் தெரிகிற மரத்திலும் பூஞ்சை கொஞ்ச தூரம் போயிருக்கும். இருக்கைப் பலகையின் ஓரத்துக்கு அது சரி. பாறையில் மோதும் சைனுக்கு நான் ஒருபோதும் செய்ய மாட்டேன்.

இதெல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. போர்த்திவிட்ட படகை மறுபடி திறக்க முடியாது. பத்து வருடம் கழித்து ஒரு வங்கை மாற்ற வேண்டுமென்றால் கிரைண்டரால் அறுத்துத்தான் உள்ளே போக வேண்டும். இந்தப் படகுகள் ஸ்க்ரூவும் ஆணியும் கொண்டு, கழற்றக்கூடிய மாதிரி கட்டப்பட்டவை. அந்தக் குணத்தை அழிக்கும் வேலையைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். நண்பரின் படகுக்கு இதைத்தான் செய்தோம். மேற்கு ஓரிகனில் மழை இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தம் வரை விடாது, கோடை நன்றாகக் காயும். அதனால் ஜூன் மாதம் கொட்டகைக்குள் இழுத்து, காற்று புகும்படி கட்டைமேல் தூக்கி வைத்து, இரண்டு மாதம் தொடவே இல்லை. ஈர மீட்டர் 12, 13 என்று காட்டத் தொடங்கிய பிறகுதான் கருவியை எடுத்தோம்.

அடிப்பலகையைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை மறந்தால் படகே போய்விடும். இரண்டு பக்கங்களையும் விரிந்த நிலையில் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு அடிப்பலகைக்குத்தான். அதை எடுத்ததும் பக்கங்கள் தளர்ந்து தங்கள் இஷ்டத்துக்கு நகரும்; அகலம் மாறும், அடி வளைவு மாறும். அந்த வளைவு மாறினால் படகு ஆற்றில் திரும்பும் விதமே மாறிவிடும். ஆகவே முதலில் மேல்விளிம்பிலிருந்து மேல்விளிம்புக்கு மூன்று இடங்களில் குறுக்குச் சட்டம் அடித்து, ஒவ்வொரு வங்கிலும் அகலத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டோம். பிறகுதான் கவிழ்த்தோம்.

கவிழ்த்துவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றத் தொடங்கினோம். பாதி ஸ்க்ரூ இரும்பு. தலை கையோடு வந்துவிட்டது, தண்டு உள்ளேயே தங்கிவிட்டது. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு கறுப்பு வளையம், அந்த வளையத்துக்குள் மரம் காபித் தூள் மாதிரி உதிர்ந்தது. யாரோ முன்பு ஒருமுறை பழுதுபார்த்தபோது கையில் கிடைத்த ஸ்க்ரூவைப் போட்டிருக்கிறார்கள். அதே வரிசையில் பக்கத்தில் இருந்த பழைய வெண்கல ஸ்க்ரூக்கள் மட்டும் சுழன்று சுழன்று புதிது போல வெளியே வந்தன. ஒரே பலகையில், ஒரு சாண் இடைவெளியில் இரண்டும். சிலிக்கான் வெண்கல ஸ்க்ரூவுக்கு ஏன் கூடுதல் காசு கொடுக்க வேண்டும் என்று நண்பர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சைன் சட்டம் இரண்டு பக்கமும் நடுவில் மக்கியிருந்தது. ஒட்டுப்போடலாமா, முழுதாக மாற்றலாமா என்று ஒரு மாலை முழுக்கப் பேசினோம். மக்கல் மூன்றடிக்குள் அடங்கியிருந்தால் நல்ல மரம் வரை வெட்டி, சாய்வாகச் சீவிப் புதுத் துண்டை ஒட்டிவிடலாம். இங்கே ஏழடிக்கு மேல் போயிருந்தது, முழுதாக மாற்றினோம். மரம் போர்ட் ஆர்ஃபோர்ட் செடார். ஓரிகனின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய கலிஃபோர்னியாவிலும் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். எடை குறைவு, மக்கலை நன்றாகத் தாங்கும், சீவும்போது இஞ்சி போல ஒரு காரமான வாசனை வரும். அது கிடைக்காவிட்டால் வெள்ளை ஓக் போடலாம், கனம் கூடும். சிவப்பு ஓக் மட்டும் வேண்டாம். அதன் துளைகள் திறந்தே இருக்கும், ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறு முனையில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் அந்தத் துளைகள் அடைபட்டிருக்கும்.

வங்குகளில் நான்கின் கால்கள் போயிருந்தன. அவற்றைக் கழற்றவில்லை, கெட்டதை வெட்டிவிட்டுப் பக்கத்தில் துணைச் சட்டம் வைத்து இறுக்கினோம். அழகு கொஞ்சம் குறைவுதான். ஆனால் பக்கப்பலகையில் புதுத் துளை போட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் ஓடும் வழியைச் சைனை ஒட்டி முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக விட்டோம், விரல் நுழைந்து மண்ணை வழிக்கும் அளவுக்கு.

அடிப்பலகைக்கு எந்தப் பிளைவுட் என்பது தனி விவாதம். டக்ளஸ் ஃபர் பலமானது, பாறையைத் தாங்கும், அந்த ஊர் மரம். மேல்தாள் விரிசல் விடும் குணம் மட்டும் போகாது. ஓகூமே என்ற ஆப்பிரிக்க மரத்தின் பிளைவுட் வழவழப்பாக, லேசாக இருக்கும். ஆனால் மிருதுவானது, மக்கலைத் தாங்கும் சக்தியும் குறைவு. பிரிட்டனின் பிஎஸ் 1088 தரமுத்திரை இருந்தால் பசையும் தாள்களும் நன்றாக இருக்கும் என்று பொருளே தவிர, மரம் மக்காது என்று பொருளில்லை. மெராண்டி என்ற தென்கிழக்காசிய மரம் இரண்டுக்கும் நடுவில், எடை கொஞ்சம் அதிகம். நாங்கள் அரை அங்குல ஃபர் எடுத்தோம்.

பிளைவுட் பெரும்பாலும் எட்டடிதான் வரும், படகு பதினாறு. சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும்: கனத்துக்கு எட்டு மடங்கு நீளச் சாய்வு. அரை அங்குலத்துக்கு நான்கு அங்குலம். இரண்டு தாளையும் படிக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று தள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்தே இழைப்புளியால் சீவினால் கோணம் தானாகவே ஒத்துவரும். பிளைவுட்டின் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும்; வரிகள் நேராக இருந்தால் சீவல் நேர், எங்காவது அலையடித்தால் அங்கே மேடு. அளவுகோலே வேண்டாம், மரமே சொல்லிவிடும். எனக்கு இந்த வேலை முழுக்க மிகவும் பிடித்த இடம் அதுதான். சாய்வை ஒட்ட எபாக்சி போட்டோம். நான் எபாக்சிக்கு எதிரி இல்லை, இப்படிப்பட்ட இடத்தில் அதற்கு நிகர் கிடையாது. ஒட்டிய பலகை முழுவதற்கும், பொருத்தும் முன்பே, எல்லா முகத்திலும் ஓரத்திலும் எபாக்சி பூசி, ஆற்றைப் பார்க்கும் பக்கத்துக்கு ஒரு அடுக்கு ஃபைபர் துணியும் போட்டோம். புது மரம், காய்ந்த மரம், ஆறு முகமும் கைக்கு எட்டும் மரம். துணியும் பிசினும் போட வேண்டிய இடம் இது.

ஆனால் அந்தப் பலகையைப் படகோடு எபாக்சி போட்டு ஒட்டவில்லை. இறுகிய பின் கழற்றவே விடாத வகைப் பாலியூரித்தேன் பசையும் போடவில்லை. இறுகாமல் மிருதுவாகவே இருக்கும், இடுக்கை அடைக்கும் சீலன்ட் தடவி, வெண்கல ஸ்க்ரூவால் முடுக்கினோம். சைனில் ஒட்டிக்கொள்ளும் பசையைப் போட்டால் இன்றைக்கு ஒழுகாது, பலமும் கூடும். அடுத்த முறை அடி மாற்றும்போது சைனும் பக்கப்பலகையும் சேர்ந்து கிழியும். வெளிமூலையில் ஒரு காப்புச் சட்டம், அடியில் வழுக்கிப் போக ஒரு பிளாஸ்டிக் தகடு. இரண்டும் ஸ்க்ரூவில்தான் நிற்கின்றன.

இந்த வழிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு பேர் வார இறுதிகளில் வேலை செய்தால், உலர்த்தும் காலம் போக இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்த்துவது அதில் பாதிகூட ஆகாது. பொருள் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. பதினாறடிப் படகை முழுக்கப் போர்த்தத் தேவைப்படும் எபாக்சியும் துணியும் மலிவில்லை. எடையில் வித்தியாசம் உண்டு. போர்த்திய படகு கனத்துவிடும், துடுப்பை இழுக்கும் தோள் அதை ஒவ்வொரு வளைவிலும் உணரும்.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பக்கப்பலகைகள் தாள் தாளாகப் பிரிந்து, முன்கட்டையும் பின்பலகையும் போய், வங்குகளில் பாதிக்கு மேல் கெட்டிருந்தால், நீங்கள் பழுதுபார்க்கும் பெயரில் ஒவ்வொரு பாகமாகப் புதுப் படகுதான் கட்டப்போகிறீர்கள், அதுவும் கோணலான அச்சின் மேல். அப்போது பழையதைப் பிரிக்கும் முன் நிதானமாக அளவெடுத்துவிடுங்கள்: ஒவ்வொரு வங்கின் மேல் அகலம், கீழ் அகலம், உயரம், பக்கத்தின் சாய்வுக் கோணம், அடி வளைவு. துடுப்புக் கொளுவிகளையும் இருக்கை இரும்புகளையும் கழற்றிப் புதியதில் போடலாம். புதிதாகக் கட்டுவது பல நேரம் பழுதுபார்ப்பதைவிடச் சுலபம். தச்சு வேலை தெரியாதவருக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார், தெரிந்தவர் தலையாட்டுவார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. படகு ஹிண்ட்மன் போன்ற ஒரு பழைய கைவினைஞர் கட்டியது என்று உறுதியானால், கணக்கே மாறுகிறது. அதில் உளி வைக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். மக்கிய சைனில்கூட அவருடைய பென்சில் கோடு, ஸ்க்ரூ இடைவெளி, சீவிய கோணம் எல்லாம் இருக்கும். அப்படிப்பட்ட படகைக் காயவைத்து, போரேட் கரைசல் பூசிப் பூஞ்சையை நிறுத்தி, கூரைக்குக் கீழே வைத்துவிட்டு, ஆற்றில் ஓட்ட அதன் அளவில் இன்னொன்று கட்டிக்கொள்வதுதான் சரி. இங்கே நான்காவது வழி கடைசி வழி இல்லை, முதல் வழி.

எந்த வழியை எடுத்தாலும் வைக்கும் முறை சரியில்லையென்றால் எல்லாம் வீண். தக்கையைப் பிடுங்கிவிட்டு, ஒரு முனையைத் தூக்கி, தண்ணீர் வடியும்படி வையுங்கள். தார்ப்பாய் போட்டால் மரத்தில் படாமல், நடுவில் ஒரு கம்பு கொடுத்துக் கூடாரம் மாதிரி தூக்கி, இரண்டு பக்கமும் காற்று போகும்படி விடுங்கள். டிரெய்லரில் படகு உட்காரும் கட்டைக்குக் கம்பளம் சுற்றியிருந்தால், ஈரக் கம்பளம் மாதக்கணக்கில் அதே இடத்தை நனைத்துக்கொண்டிருக்கும், அதையும் கவனியுங்கள்.

நண்பரின் படகு இப்போது ஆற்றில் ஓடுகிறது. பக்கங்களில் அந்தப் பழைய விரிசல்கள் அப்படியே இருக்கின்றன, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய். கழற்றிய பழைய அடிப்பலகையை அவர் தூக்கி எறியவில்லை. மக்கிய ஓரங்களைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு வங்கின் இடத்தையும் ஸ்க்ரூ இடைவெளியையும் மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே எழுதி, கேரேஜ் உத்தரத்தில் மாட்டியிருக்கிறார். அடுத்த அடிப்பலகை வெட்டும்போது அளவுக்கு அது வேண்டும்.